கால் ஊன்றாமல் எழுபது வளைவு

கொல்லிமலையின் நாற்பத்து மூன்றாவது வளைவில் செங்கோடனின் பைக் நின்றுவிட்டது. இரண்டு புதன்கிழமை. இரண்டு தடவையும் அதே இடம்.

முதல் புதன், ஒரு மணி நேரம் தாமதம். இரண்டாவது புதன், போய்ச் சேரவே இல்லை.

வண்டியில் இருந்தது தடுப்பூசி மருந்து. நீலப் பெட்டி, உள்ளே ஐஸ். மலைமேல் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். தூக்கிக்கொண்டு வந்த முப்பத்தொரு தாய்மார்கள். ஒருத்தி விடியும் முன்பே கிளம்பி ஏழு மைல் நடந்து வந்தவள். எல்லோரும் வெறுமனே திரும்பிப் போனார்கள்.

"அடுத்த புதன் பத்து மணிக்குப் பெட்டி மேல இருக்கோணும். இல்லாட்டி வேற ஆளுதான்" என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

வேற ஆள் தயாராகவே இருந்தான். மணிவாசகம். வண்டி புதுசு. சீட்டின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செங்கோடன் காரவள்ளிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். மலை ஏறுகிற இடம் அது. அங்கே சகாயமேரியின் மெக்கானிக் கடை. அவனுக்கு வயது ஐம்பத்து நாலு. அவளுக்கு முப்பது தாண்டி இரண்டு மூன்று இருக்கும். பொம்பளை மெக்கானிக்கா என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. வேலையைப் பார்ப்பாள்.

"எந்த ஆயில் ஊத்தறதுன்னு சொல்லு அம்மணி" என்றான் செங்கோடன். வந்ததும் கேட்டது அதுதான்.

சகாயமேரி மீட்டரைப் பார்த்தாள். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் காட்டியது.

"இது எத்தனாவது சுத்துங்ணா?"

"மூணாவது. ரெண்டு வாட்டி பூஜ்யத்துக்கு வந்து திரும்பிருச்சு."

இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். அவள் புருவம்கூட அசையவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

செங்கோடன் உதைத்தான். அவள் ஒரு வெள்ளைத் துணியை சைலன்சர் வாயில் பிடித்தாள். கொஞ்ச நேரம் முறுக்கச் சொன்னாள். போதும் என்று கை காட்டினாள். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

செங்கோடன் தன் பாட்டைத் தொடங்கினான்.

"மூணு ஆயில் பாத்தாச்சு. மொதல்ல தண்ணி மாதிரி ஒண்ணு, வெளிநாட்டு டப்பா. அப்புறம் பழைய வண்டிக்குக் கெட்டியாத்தான் ஊத்தோணும்னான் ஒருத்தன். அதையும் ஊத்தினேன். போன மாசம் இன்னொண்ணு. அதுகூட என்னமோ டானிக் வேற கலந்து குடுத்தான். எல்லாம் ஏமாத்து வேலை. எதுவுமே நாப்பத்து மூணைத் தாண்ட மாட்டேங்குது."

அவள் இன்ஜினுக்கு அடியில் தட்டை வைத்து போல்ட்டைக் கழற்றினாள். கறுப்பாக வடிந்தது. சீக்கிரமே நின்றது. தட்டில் இருந்ததை டீ கிளாஸில் ஊற்றி அளந்தாள். இரண்டு கிளாஸ். மூன்றாவது பாதிகூட வரவில்லை.

"போன மாசம் எவ்வளவு ஊத்தினீங்க?"

"தொள்ளாயிரம் மில்லி. என் கண்ணு முன்னாடிதான் ஊத்தினான்."

"இது கால்வாசி. மீதி எங்க?"

செங்கோடன் குனிந்து இன்ஜினுக்கு அடியில் தடவிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. ஒழுக்கு இல்லை.

"டப்பாவுல அளவே கொறச்சுப் போட்டிருப்பானுங்க. பயலுக..."

அவள் தோளில் கிடந்த துணியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

விரித்தான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆயில்.

இன்ஜின் குடித்துப் புகையோடு துப்பியது.

"அப்ப இன்ஜினைப் பிரிக்கோணுமா?"

"பிரிக்கோணும்."

"எத்தனை நாளு?"

"நாலு நாளு."

"நாளைக்கு நான் ஏறோணும் அம்மணி!"

"தெரியும்."

"அப்ப நாளைக்கு மட்டும் தாங்கற மாதிரி ஒரு ஆயில் சொல்லு. எந்த ஆயிலு?"

"உள்ள இருக்கிற ஆயில்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக அந்த மலையில் வண்டி ஓட்டுகிறவன். சின்னப் பெண்ணிடம் விடுகதை கேட்கவா வந்தான்?

அவள் அலமாரியில் இருந்த சாதாரண ஆயிலை எடுத்து ஊற்றினாள். ஊரில் எல்லோரும் ஊற்றுவதுதான். மூடியை அவனிடம் நீட்டினாள். மூடிக்கு அடியில் ஒரு குச்சி. குச்சியில் இரண்டு கோடு. ஆயில் மேல் கோட்டைத் தொட்டிருந்தது.

"இதைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"அதெல்லாம் மெக்கானிக் பாக்கறது."

"எழுபது வளைவையும் எப்படி ஏறுவீங்க?"

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்தினான். இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் உண்டு. மலையில் டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த பதில்.

"கால ஊனாம ஏறுவேன். ஒரே மூச்சு. இத்தனை வருஷத்துல நானா ஒரு வளைவுலயும் நிறுத்தினவனில்லை."

சகாயமேரி அவன் காலைப் பார்த்தாள்.

"வண்டி ரெண்டு லட்சத்துக்கு மேல ஓடியிருக்குது. செருப்பு தேயவே இல்லீங்களே."

"என்ன பேச்சு இது? உன்னால சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"என்னால முடியாதுங்."

"பின்ன யாராலதான் முடியும்?"

அவள் ஒரு அரை லிட்டர் ஆயில் டப்பாவைப் பெட்டி கட்டும் கேரியரில் சொருகினாள். அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு செங்கோடன் முதல் வளைவில் திரும்பினான்.

பின்னால் மணிவாசகம். ஒருவேளை தேவைப்பட்டால் என்று அனுப்பியிருக்கிறார்கள். கேரியரில் கயிறு மட்டும் கட்டியிருந்தான், பெட்டிக்கு இடம் விட்டு.

பத்து. இருபது. வண்டி நன்றாகத்தான் இழுத்தது. செங்கோடன் ஒரே மூச்சில் போனான். முப்பது. முப்பத்தைந்து.

முப்பத்தெட்டில் வாசனை வந்தது. காய்ந்த வாணலி வாசனை. தொடைக்கு நடுவில் சூடு ஏறியது. இன்ஜினுக்குள் யாரோ சில்லறை குலுக்குவது போல் ஒரு சத்தம்.

ஒன்பது இருபது. நாற்பத்து மூன்றுக்கு இன்னும் ஐந்து வளைவு. முறுக்கினால் தாண்டிவிடலாம். போன வாரமும் இப்படித்தான் நினைத்தான். அதற்கு முந்தின வாரமும்.

முப்பத்தொன்பது.

கைப்பிடியில் அவன் விரல் வெளுத்திருந்தது. கண் சாலையில் இல்லை, காலில் இருந்தது. தேயாத செருப்பு.

நாற்பதில் செங்கோடன் வண்டியை ஓரம் கட்டினான். காலை ஊன்றினான்.

மணிவாசகம் பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"என்னங் மாமா, இன்னைக்கு நாப்பதுலயேவா?"

செங்கோடன் இன்ஜினை அணைத்தான்.

"பெட்டியக் குடுங்க. ஐஸ் கரையுது. அங்க கொழந்தைங்க காத்துட்டு இருக்குது. உங்க வீம்புக்கு அதுங்க என்ன பண்ணும்?"

சுருக்கென்று இருந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. பெட்டியைக் கொடுத்தால் மருந்து போய்ச் சேரும். செங்கோடனின் பதினெட்டு வருஷம் அந்த வளைவிலேயே இறங்கிவிடும்.

"அஞ்சு நிமிஷம் பொறு" என்றான். "அதுக்குள்ள கிளம்பலைன்னா நானே எடுத்துக் கட்டி விடறேன்."

சமமான இடத்துக்குத் தள்ளிப்போய் வண்டியை நிமிர்த்தி நிறுத்தினான். இன்ஜின் டிக் டிக்கென்று ஆறியது. நிமிஷம் நகரவே இல்லை. ஒரு பஸ் கடந்து போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "செங்கோடா, நீயா நின்னுட்ட?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

காது சூடானது. நின்றான்.

துணியைச் சுற்றி மூடியைத் திருகினான். குச்சியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தான். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே.

பதினெட்டு வருஷத்தில் அவன் தன் கையால் எடுத்து அந்தக் கோட்டைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஊற்றினான். பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினான். மேல் கோடு. மூடினான். உதைத்தான்.

நாற்பத்து ஒன்று. நாற்பத்து இரண்டு.

நாற்பத்து மூன்று பின்னால் போனது.

ஐம்பதில் மறுபடியும் நிறுத்தினான். மூடியைத் திருகினான். ஆயில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஒரு மூடி அளவு ஊற்றினான்.

அறுபதிலும் நிறுத்தினான். சூடு இல்லை. வாசனை இல்லை. குச்சியில் ஆயில் மேல் கோட்டை விட்டு மயிரிழைதான் இறங்கியிருந்தது. மணி ஒன்பது ஐம்பது.

மணிவாசகத்துக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"பின்ன எதுக்கு நிறுத்தறீங்க?"

"ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்கு."

மணிவாசகம் தன் புது வண்டியைப் பார்த்தான். மூடி எங்கே இருக்கிறது என்று தேடினான்.

எழுபது தாண்டி, பள்ளிக்கூட வாசலில் செங்கோடன் வண்டியை நிறுத்தியபோது பத்து அடிக்க இரண்டு நிமிஷம். வராந்தா முழுக்கத் தாய்மார்கள். ஏழு மைல்காரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் மடியில் தூங்கிய பிள்ளையை எழுப்பினாள்.

நர்ஸம்மா பெட்டியைத் திறந்தாள். ஐஸ் இருந்தது. மருந்துக் குப்பிகளைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவள். அவளுக்கு அவன் பெட்டிக்காரர், அவ்வளவுதான். பேர் தெரியாது.

"போன வாரம் நின்னு போன வண்டியாங்க இது?"

"இதேதானுங்."

"என் ஸ்கூட்டரும் ஆயில் குடிக்குது. மூணு கடை ஏறி இறங்கியாச்சு. இதை யாருங்க சரி பண்ணினது? பேரைச் சொல்லுங்க."

செங்கோடன் குனிந்து பார்த்தான். இடது செருப்பில் செம்மண் அப்பியிருந்தது.

"செங்கோடன்."