சேர்ந்து விழுந்த இரண்டு ரேகைகள்

சுடலைமுத்து இறந்த பதினேழாம் நாள், பண்ணையார் வேலாயுதம் ஒரு பத்திரத்தோடு வந்து, விதவை பேச்சியின் ஒரே வயலைத் தன்னுடையது என்றார். தாசில்தார் விசாரிக்க வந்தார்.

"ஒப்பந்தத்துக்கு வேண்டிய நாலும் இருக்கு. அவன் விற்கிறேன்னான். நான் சரின்னேன். பதிலுக்கு நெல் கொடுத்தேன். மனசார ரேகை வச்சான்" என்றார் பண்ணையார்.

பத்திரத்தில் இரண்டு கட்டைவிரல் ரேகைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன.

"எதுக்கு ரெண்டு?" என்றார் தாசில்தார்.

"சந்தோஷத்துல ரெண்டு கையாலயும் வச்சான்."

ஓரமாக நின்ற நாவிதர் இசக்கி மெல்லக் கேட்டார். "ஒரே தடவையில வச்சானா சாமி, தனித்தனியாவா?"

"ஒரே தடவைதான்டா. என் கண்ணு முன்னால வச்சான்."

"சரிதான் சாமி. பிணத்தைக் குளிப்பாட்டி, அந்த ரெண்டு விரலையும் துணியால சேர்த்துக் கட்டினவன் நான். அப்புறம் மாலையோட வந்து, தனியா அழணும்னு எங்களை வெளியே அனுப்பினவர் நீங்க. நீங்க சொன்ன நாலும் இருக்கு. அஞ்சாவதா உயிர்தான் இல்லை."

பண்ணையார் தலை கவிழ்ந்தார். வயல் பேச்சிக்கே என்ற தாசில்தார், பத்திரத்தை அவளிடம் நீட்டி, "கிழிச்சுப் போடும்மா" என்றார்.

பேச்சி கிழிக்கவில்லை.

"அவர் விரல் இனி வேற எங்க இருக்கு, ஐயா?" என்று அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.