கஸ்தூரிராயர் விற்ற சதகுப்பை

முன்னொரு காலத்தில் மஞ்சளூர் நாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் நாட்டை ஆண்டது அவருடைய நாக்குதான். ருசித்தால் பரிசு, ருசிக்காவிட்டால் உதை.

அந்த அரசவையில் கஸ்தூரிரங்க ராயர் என்றொருவர் இருந்தார். தன் மச்சினனை எப்படியாவது மடைப்பள்ளிக்குத் தலைவனாக்கிவிட வேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்தவர். இடையில் மாராயி என்றொரு சமையல்காரி வந்து சேர்ந்தாள். நூல்போல மெல்லிய இலையுள்ள ஒரு கீரையைக் கிள்ளிப்போட்டு அடை வார்த்தாள். ராஜா தட்டை வழித்துத் தின்றார். அடையில் ஒரு விள்ளல்கூடத் தின்னாத ராயருக்குத்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் சபையில் அவர் மெல்ல ஆரம்பித்தார். "பிரபு, நேற்று தாங்கள் உண்ட கீரையின் பெயர் தெரியுமா?"

"பெயர் தெரியாது. வாசனை தெரியும்."

"சதகுப்பை, பிரபு. சதம் என்றால் நூறு. நூறு குப்பையை ஒரே அடையில் போட்டுத் தங்களுக்குப் படைத்திருக்கிறாள்."

ராஜாவின் முகம் கறுத்தது. மாராயியை இழுத்துவந்தார்கள்.

"மகாராசா, அது பேருதானுங்க. நல்ல கீரைங்க."

"பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு ஓடு" என்றார் ராஜா. இடுப்பில் கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்? அதை அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

மந்திரி வெள்ளையப்பர் எழுந்தார். "ராயரே, பெயரில் குப்பை இருந்தால் பொருளும் குப்பைதானா?"

"சந்தேகமென்ன? என் பெயரில் கஸ்தூரி இருக்கிறது, நான் மணக்கவில்லையா?"

மந்திரி மூக்கைத் தடவிக்கொண்டார். "இந்தச் சட்டம் கீரைக்கு மட்டுமா, மனிதருக்கும் உண்டா?"

"உண்டு. பெயரில் குப்பை உள்ளவனைக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் தள்ள வேண்டும்."

"எவனாயிருந்தாலும்?"

"அரண்மனைக்குள்ளேயே இருந்தாலும்" என்றார் ராயர். மந்திரியின் சொந்தக்காரன் எவனோ மாட்டப்போகிறான் என்று அவருக்கு ஒரே ஆனந்தம்.

திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த ராஜமாதாவைப் பார்த்து மந்திரி கைகூப்பினார். "தாயே, மகாராஜாவுக்குத் தொட்டிலில் இட்ட பெயர் என்ன?"

ராஜமாதா சிரித்துவிட்டாள். "மூத்ததெல்லாம் தங்கவில்லை. இவனாவது பிழைக்கட்டும் என்று குப்பைமேட்டில் புரட்டியெடுத்துக் குப்பன் என்று பேர் வைத்தேன். பட்டம் கட்டும்போதுதான் விசயமாறன் ஆனான்."

"கழுதையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா, ராயரே?" என்றார் மந்திரி.

ராஜா முதலில் முறைத்தார். பிறகு தாயிருந்த பக்கம் பார்த்தார். "என்னைப் பிழைக்கவைத்த பெயரையே பழித்துவிட்டேன். வெட்கமாயிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னார். மாராயியின் கையில் பொற்காப்பைப் போட்டு, மடைப்பள்ளியையே அவளிடம் ஒப்படைத்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார்.

"ராயரே, உமக்குக் கழுதை வேண்டாம். நாளை முதல் சதகுப்பைக் கீரையைத் தலையில் சுமந்து வீதிவீதியாகக் கூவி விற்றுவாரும். கஸ்தூரி மணம் ஊருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்."

மறுநாள் ராயர் கூடையோடு கிளம்பினார். வெட்கத்தில் 'சத' வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, "குப்பையோ... குப்பை" என்பது மட்டும் வெளியே வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் முறத்தோடு ஓடிவந்தார்கள்.

"நில்லுங்க ஐயா, எங்க வீட்டுதையும் வாங்கிக்கிட்டுப் போங்க" என்று, கூட்டி அள்ளியதையெல்லாம் அவர் கூடையில் கொட்டினார்கள்.