ராஜா காட்டில் முத்திரை விழுந்த மரங்கள்

ரொம்ப காலத்துக்கு முன்னால், ஆறு அகலமாகவும் ராஜாவின் பொறுமை குறுகலாகவும் இருந்த ஒரு நாட்டைத் தென்னவராயன் என்பவர் ஆண்டுவந்தார். காலையில் ஒரு கட்டளை போடுவார், மத்தியானம் அதையே மாற்றுவார். மாறாமல் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: நூறு தேக்குத் தூண்களில் ஒரு மண்டபம். அதற்காக ஆற்றங்கரைக் காடு முழுவதையும் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார்.

அந்த ஆற்றில் நூறு படகுகள். இக்கரை நெல் அக்கரைக்குப் போனது அவற்றில்தான். படகோட்டிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளத்தில் ஒருவர் படகு போய்விட்டால் மற்ற வீடுகள் ஆளுக்கொரு பலகை கொடுக்கும். பத்தே நாளில் புதுப்படகு மிதக்கும். அந்தத் தைரியத்தில்தான் அவர்கள் எந்தப் பெருக்கிலும் துடுப்புப் போட்டார்கள்.

ஒரு விடியற்காலை மலைக்கு அந்தப்புறத்துக் கூட்டம் ஒன்று வந்து படகுத்துறையில் தீ வைத்தது. நாற்பது படகுகள் சாம்பலாயின. பதினோரு பேர் செத்துப்போனார்கள். வந்த பாவிகள் ஒரு படி நெல்லைக்கூட எடுக்கவில்லை. "இனி இங்கே படகு ஓடினால் அதுவும் எரியும்" என்று கத்திவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியது நெல் அல்ல, நம் ஜனங்களின் பயம்.

மிச்சம் அறுபது படகுகளும் கரையேறிவிட்டன. நாற்பது படகுக்குப் பலகை வேண்டுமென்றால் இருக்கிற படகுகளைப் பிரித்துத்தானே கொடுக்க வேண்டும்? இன்னொரு தீ விழுந்தால் யார் யாருக்குக் கொடுப்பது? இருபதே நாளில் அக்கரைக்காரர்கள் விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள்.

சபையில் ராஜா பொரிந்து தள்ளினார். "கோழைகள்! துறையில் இருநூறு வீரர்களை நிறுத்தியாயிற்று. இன்னும் என்ன பயம்?"

மண்டப வேலையைக் கவனித்துவந்த வச்சிரநாதர் முன்னால் வந்தார். மந்திரி பதவி தனக்குக் கிடைக்கவில்லையே என்று பல வருஷமாகப் புழுங்கிக்கொண்டிருந்தவர் அவர். "இனி துளி ஆபத்தும் இல்லை, மகாராஜா. பயம் என்று சாக்குச் சொல்லி நோகாமல் நம் காட்டுத் தேக்கைப் பறிக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்."

மந்திரி கூத்தபிரான் வாய் திறப்பதற்குள் ராஜா கை நீட்டினார். "ஒரு மரம் வெட்டக் கூடாது. ஒருவரையும் அடித்து மிரட்டக் கூடாது. நாளை மதியத்துக்குள் படகு ஓட வேண்டும். ஓடாவிட்டால் உம் பதவி வச்சிரநாதருக்கு!"

"ஆகட்டும், மகாராஜா. ஆனால் முதல் படகில் நீங்கள் இருவரும் என்னோடு வர வேண்டும்."

மறுநாள் மூவரும் துறைக்குப் போனார்கள். அங்கே காத்தாயி என்பவள் தன் படகோரம் உட்கார்ந்திருந்தாள். புருஷன் அந்தத் தீயில் போய்ச் சேர்ந்து இருபத்தோரு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கரைக்கு விடு" என்றார் ராஜா.

அவள் எழுந்து கும்பிட்டாள். துடுப்பைத் தொடவில்லை. "விடலாம் சாமி. இதுவும் எரிஞ்சுட்டா எனக்குப் படகு யாரு குடுப்பா? பலகை குடுக்கிறவங்களே இப்ப வெறுங்கையோட நிக்கிறாங்க. மூணு புள்ளைங்க கஞ்சிக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

கூத்தபிரான் திரும்பினார். "வச்சிரநாதரே, துளி ஆபத்தும் இல்லை என்றீர் அல்லவா? 'எரிந்தால் நான் தருகிறேன்' என்று இவளிடம் சொல்லும். எரியப்போவதில்லை என்றால் உமக்கென்ன நஷ்டம்?"

வச்சிரநாதர் ஓரடி பின்வாங்கினார். "எனக்கு எதற்கு அந்த வம்பு? எப்போது எரியும், எத்தனை எரியும் என்று யார் கண்டது?"

"கேட்டீர்களா, மகாராஜா? இதையேதான் இந்த அம்மாவும் சொல்கிறாள். அவளை மட்டும் நாம் கோழை என்றோம்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. சாம்பல் கிடந்த துறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அந்தக் கூட்டம் இதை எரித்தால் என் காட்டு மரம் உனக்கு. இது என் வாக்கு."

காத்தாயி துடுப்பை எடுத்தாள். மதியத்துக்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. காட்டில் ஒரு கிளைகூட ஒடியவில்லை.

"ஒரு வாக்கு, ஒரு படகு" என்றார் கூத்தபிரான். "எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்."

"காடு மொட்டையாகிவிடும்!" என்று வச்சிரநாதர் பதறினார். "பழைய படகைத் தாங்களே கொளுத்திவிட்டுப் புதுசு கேட்பார்கள்!"

"முதல் பத்துப் படகுக்கு அவர்களே வழக்கப்படி பலகை போடட்டும். அப்போது திருட்டுத்தனத்தைப் பக்கத்து வீட்டுக்காரனே பிடித்துவிடுவான். அதற்கு மேல் எரிந்தால் மட்டும் ராஜாவின் காடு. கைம்மாறாக ஒவ்வொரு படகுக்காரரும் வருஷம் ஐந்து தேக்குக் கன்று நட்டு வளர்க்கட்டும்."

ராஜா ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே படகுக்கென்று முந்நூறு மரங்களில் ராஜமுத்திரை அடித்தார்கள். படகோட்டிகள் காட்டுக்குள் போய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் அறுபது படகுகளும் ஆற்றில் இருந்தன.

அறுவடைக்கு முன்னால் அந்தக் கூட்டம் மறுபடி வந்தது. காவலையும் மீறி முப்பது படகுகள் எரிந்தன. காத்தாயியின் படகும் அதில் ஒன்று. இரண்டு வீரர்கள் இறந்தார்கள்.

வச்சிரநாதர் ராஜாவின் காதருகே குனிந்தார். "முத்திரை விழுந்ததெல்லாம் தூணுக்கேற்ற மரங்கள். ஏதோ வாய்வார்த்தையாகச் சொன்னதுதானே, மகாராஜா."

ராஜா முத்திரை மரங்கள் நின்ற திசையைப் பார்த்தார். வாசலில் நின்ற ஜனங்களுக்கு மூச்சே நின்றது. அவர் சொல் மாறுகிறவர் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பிறகு எழுந்து நேராகக் காட்டுக்குப் போய், மண்டபத்து நடுத்தூணுக்கென்று தானே பார்த்துவைத்திருந்த மரத்தில் முதல் வெட்டை வெட்டினார். "காத்தாயியிடம் ஒரு வார்த்தை சொல்ல அன்று உமக்கு நாக்கு எழவில்லை. நான் சொன்ன வார்த்தையை விழுங்கச் சொல்ல மட்டும் எழுகிறதோ? போய்க் கன்று நடும்!" என்று வச்சிரநாதரை விரட்டினார். தன் கணையாழியைக் கழற்றிக் கூத்தபிரானின் விரலில் போட்டார்.

புதுப்படகு துறைக்கு வந்த அன்று ராஜா காத்தாயியிடம் கேட்டார்: "உனக்கு இப்போது பயம் போயிற்றா, அம்மா?"

"பயம் எங்க சாமி போகும்? எம் புருசனை உங்க காட்டு மரத்துல செஞ்சு குடுக்க முடியாது. ஆனா, எரிஞ்சுட்டா நாளைக்கு என்ன செய்வோம்கிற பயம் போச்சு. அது போனாப் போதும், படகு விட்டுரலாம்."

நெல் மூட்டைகளின் பாரத்தில் படகு மணலில் பதிந்து நின்றது. ஆட்களோடு ஆளாக இறங்கி ராஜாவும் தோள் கொடுத்துத் தள்ளினார்.