இரவல் அமைதி

வகுப்பு முடிந்தும் நஸ்ரின் எழுந்திருக்கவில்லை. நாயகி மேம் ஒலிக்கூடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து அவள் மேசையருகே நின்றார்.

"கேட்டுடு," என்றார்.

"செத்தவங்களை உயிரோட கொண்டுவந்துட்டா, அதைத் திரும்ப எடுத்துக்கலாமா மேம்?"

ஊடகவியல் பிள்ளைகள் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது வழக்கம்தான். காலையில் தத்துவம், மதியம் நாடகம், சாயங்காலம் புள்ளியியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிற கல்லூரி அது. ஆனால் மேம் சிரிக்கவில்லை. அணைத்த விளக்கைத் திரும்பப் போட்டார்.

"யாரை?"

அருளப்பனை. கடலுக்குப் போய் ஏழு வருஷமாகியும் திரும்பாதவன். உடலும் கிடைக்கவில்லை. அவன் தாய் ரோசாரியம்மாவைப் பற்றித்தான் நஸ்ரின் இறுதியாண்டுக்கு ஒரு படம் எடுத்திருந்தாள். மகன் வருவான் என்று தினமும் சோறு போட்டு மூடி வைத்த அந்தத் தாய், இந்த வருஷம்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். மருமகள் ஜெசிந்தாவுக்குத் தானே முன்னின்று மாப்பிள்ளையும் பார்த்தாள். வருகிற வெள்ளிக்கிழமை மகன் ஆத்மாவுக்குப் பூசை, அடுத்த மாதம் மருமகளுக்குக் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது.

எடுத்த படத்தை ஊருக்குக் காட்டும் முன் அதில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது மேம் வைத்த சட்டம். ஞாயிற்றுக்கிழமை நஸ்ரின் லேப்டாப்போடு போய்க் காட்டினாள். பாதியில் ரோசாரியம்மா கையை உயர்த்தினாள்.

"நிறுத்து மக்கா. தொண்டையைச் செருமினானே, கேட்டியா? என் மவன். இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

அன்றைக்கே பூசை நின்றது. கல்யாணப் பேச்சும் நின்றது. இன்று காலையில் ஜெசிந்தா போன் செய்திருந்தாள்.

"அத்தை மறுபடி தட்டு வைக்காவ, தங்கச்சி. புருசன் வீட்டுல இருக்கையில உனக்கு என்ன இன்னொரு கல்யாணம்னு கேக்காவ. எனக்கும் பயமா இருக்கு. தட்டு வைக்கிய ரூமுக்குள்ள நான் இப்பம் போறதே இல்ல."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேம் முதலில் ஒன்று கேட்டார்.

"செருமல் உண்மையிலேயே இருக்கா?"

"முதல்ல எனக்குக் கேக்கல மேம். அவங்க சொன்னதுக்கு அப்புறம் கேக்குது."

"அந்த இடத்துல என்ன ஒலி போட்டே?"

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டின் வெறும் அமைதியை ஒரு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். முதலாண்டில் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அமைதி உண்டு; பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களில் ஓட்டை தெரியாமல் பூச அதுதான் வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நஸ்ரின் அதை மறந்துவிட்டாள். பிறகு இதே ஒலிக்கூடத்தில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரு நிமிஷத்தைப் பதிவு செய்து ரோசாரியம்மாவின் வார்த்தைகளுக்கு நடுவே பூசிவிட்டாள்.

"அப்ப கூட யார் இருந்தா?"

"யாருமே இல்ல மேம். நான் மூச்சைக்கூட அடக்கிட்டுத்தான் இருந்தேன்." கதவைத் திரும்பிப் பார்த்தாள். "போய்ச் சொல்லிடணுமா? சொன்னா அருளப்பன் இன்னொரு தடவை சாவான். இந்தத் தடவை என் கையால."

மேம் அலமாரியைத் திறந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கு. வா."

ரோசாரியம்மா வீட்டின் உள்ளறையில் ஒரு பாய் விரித்திருந்தது. பாயின் முன்னால் தட்டு. சோறும் மீன்குழம்பும், ஈ மொய்க்காமல் மேலே ஒரு மூடி. பாயில் யாரும் இல்லை. ஆனாலும் நஸ்ரின் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்த அமைதி இந்த வீட்டுடையது இல்லை, கல்லூரியில் எடுத்தது, தப்பு தன்னுடையது என்றாள்.

ரோசாரியம்மா கோபப்படவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பம் அவன் உங்க காலேஜ்லயா இருக்கான்?"

நஸ்ரின் திரும்பி மேமைப் பார்த்தாள். மேம் கருவியை வெளியே எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம இருக்கலாமா அம்மா? இவ அன்னைக்கு எடுக்காம விட்டுட்டுப் போனது."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நஸ்ரினுக்கு அதுவரை தெரியாது. பாயின் பக்கம் கண் போய்விடக் கூடாதென்று தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேம் ஹெட்போனை ரோசாரியம்மாவின் காதில் மாட்டினார்.

"கடல் கேக்கு," என்றாள் ரோசாரியம்மா. "கூரைத் தகரம் சடசடங்குது." புருவத்தைச் சுருக்கினாள். "யாரோ மூக்கை உறிஞ்சுதாவ."

"நான்தான் அத்தை," என்றாள் ஜெசிந்தா.

ரோசாரியம்மா இன்னொரு முறை போடச் சொன்னாள். கடைசிவரை கேட்டுவிட்டு ஹெட்போனைத் தானே கழற்றினாள்.

"செருமல் இல்ல," என்றாள். மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ எப்பமும் இப்படித்தான் சத்தமில்லாம அழுவியா? எனக்குக் கேட்டதே இல்லியே."

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரோசாரியம்மா மூடியைத் திறந்து, தட்டை எடுத்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள்.

"தின்னு. காலையிலருந்து வெறும் வயித்தோட நிக்க." அப்புறம் நஸ்ரினிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்திரு மக்கா."

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். நஸ்ரினுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை.

"மேம், அவன் அந்த வீட்டுல இல்லைன்னா நம்ம ரூம்ல செருமினது யாரு?"

போனையும் ஹெட்போனையும் நீட்டினாள். "அந்த ஒரு நிமிஷம் இதுல இருக்கு."

மேம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிமிஷம் முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. தானே விரலால் தொட்டு இரண்டாம் முறை ஓடவிட்டார். பிறகு மூன்றாம் முறை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு விசிலடித்தார். பஸ் போய்விட்டது.

"செருமல் கேட்டுச்சா மேம்?"

"இல்ல."

"அப்ப ஒண்ணுமே இல்லையா?"

"என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து செருப்பை உதறிப் போடுறா. அவ போன பிறகு இந்தச் சத்தத்தை இன்னைக்குத்தான் கேக்குறேன்."

மேமுக்குப் பிள்ளைகள் கிடையாது என்றுதான் துறையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நஸ்ரினும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"இதை அழிச்சிடலாமா மேம்?"

மேம் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். போனை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதையும் கொடுத்தார்.

"நீயே அழிச்சிடு, இப்பவே. என் கையில இருந்தா நான் அழிக்க மாட்டேன்."