ஒரு மூச்சுப் பேச்சு

முன்னொரு காலத்துல கொன்றைநாட்ட மகரகேதுன்னு ஒரு ராஜா ஆண்டுட்டிருந்தாரு. காலையில ஒரு உத்தரவு போடுவாரு, சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் அதுக்கே எதிர் உத்தரவு போடுவாரு. அப்படிப்பட்ட ராஜாவோட பிரதானி, அதான் தலைமை மந்திரி, ஒருநாள் காசிக்குக் கெளம்பிட்டாரு. தாங்க முடியல, பாவம்.

"அடுத்த பிரதானிய ஜனங்களே சொல்லட்டும்!"னாரு ராஜா. "ரெண்டு பேரு சபையில வாதாடணும். ஊரு கேக்கணும். யாரப் பிடிச்சிருக்கோ அவரு பானையில புளியங்கொட்டை போடணும்."

அப்ப டிவியா இருந்துச்சு? தமுக்குதான். சபையில பேசுறத சந்தையில போய் அடிச்சுச் சொல்ற வேலை பொன்னுருவிக்கு. அவ தமுக்க விட அவ வாய்க்குத்தான் சத்தம் ஜாஸ்தி.

போட்டியில ஒருத்தர் கனகசபேசன். சபையில ராஜாவுக்குப் பக்கத்துல வேற யாராவது சிரிச்சாலே அவருக்கு வயிறு எரியும். இன்னொருத்தரு நாச்சப்பன், ஏரி மராமத்து பாக்குறவரு. வேட்டியில எப்பவும் சேறு.

வாதம் ஆரம்பிச்சுது. நாச்சப்பன் "கிழக்கு ஏரி..."ன்னா, கனகசபேசன் "ஏரியா? என் பரம்பரையைப் பத்தித் தெரியுமா?"ன்னு கத்துவாரு. அவரு கூட்டிட்டு வந்த ஏழு பேரு எதுக்கெடுத்தாலும் கை தட்டுவாங்க. ஆளுக்கு ஒரு நாழிகைன்னு கணக்கு. கனகசபேசன் முறை வந்தா, அந்த ஏழுல ஒருத்தன், தண்ணி சொட்டி நேரம் காட்டுற நாழிகை வட்டில் ஓட்டையில வெரல வச்சு அடச்சுக்குவான். தண்ணி எறங்காது, பேச்சும் முடியாது.

பொன்னுருவி சந்தைக்குப் போனா. தமுக்க அடிச்சா. "இதனால சகலமான ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா... ஒண்ணுமே இல்ல!"

சந்தையே விழுந்து விழுந்து சிரிச்சுது.

விடுவாரா கனகசபேசன்? "மகாராஜா! இந்தத் தமுக்குக்காரி சபையையே கேலி பண்ணிட்டா!"

"ஏன்டி பொன்னுருவி, அப்படியா சொன்ன?"

"கேட்டதத்தான் சொன்னேன் மகாராஜா. கேட்டதுல ஒண்ணுமில்லன்னா நான் எங்க போய்க் கடன் வாங்குறது?"

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது. கோவம் முந்திக்கிச்சு. "நாளைக்கு நீயே ஒரு வாதத்த நடத்திக் காட்டு. சந்தையில கத்திரிக்கா விக்கிறவனுக்கும் புரியணும். புரியலன்னா உன் தமுக்குத் தோல உரிச்சுட்டு அத யானைக்குத் தண்ணித் தொட்டியா வச்சுடுவேன். அந்த யானைக்குச் சாணி நீ அள்ளணும்!"

பொன்னுருவி தமுக்க மடியில வச்சுக்கிட்டு யோசிச்சா. அது போனா அவளும் போன மாதிரிதான்.

மறுநாள் காலையில அரண்மனை வாசல்ல இருந்து சந்தைக் கிணறு வரைக்கும் ஊர்க்காரங்க ஏழு பேர வரிசையா நிறுத்துனா. "ஒரு மூச்சுல எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பேசணும். அது இந்த ஏழு வாய் வழியா சந்தைக்குப் போகும். சந்தை கேட்டது திரும்பி வரும். 'ஆமா, நான் சொன்னது இதான்'னு ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த மூச்சு. நடுவுல வாயத் தொறந்தா ஒரு மூச்சு கழிச்சுருவேன்!"

நாச்சப்பன் மூச்ச இழுத்தாரு. "கிழக்கு ஏரி மதகு ஓட்டை, மழைக்கு முன்னாடி அடைக்க வீட்டுக்கு ஒரு ஆளு மூணு நாளு வரணும்."

போச்சு. அப்படியே திரும்பி வந்துது. கூடவே ஒரு கேள்வியும் வந்துது: "சோறு உண்டா?"

"ஆமா, நான் சொன்னது இதான். கூழு உண்டு."

"தொட்டுக்க?"

ராஜாவால சும்மா இருக்க முடியல. "மோர் மிளகா நான் தரேன்னு சொல்லு!" சந்தையில இருந்து வந்த ஆரவாரத்துல கோட்டைப் புறாவெல்லாம் பறந்துருச்சு.

கனகசபேசனுக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு. "இந்த ஏழு பேரும் இவ ஆளுங்க! என் பேச்ச என் ஆளுங்கதான் கொண்டு போகணும்!"

பொன்னுருவி காத்துக்கிட்டிருந்ததே அதுக்குத்தான். "தாராளமா நிறுத்திக்கோங்க ஐயா."

கைதட்டுற ஏழு பேரும் வரிசையில வந்து நின்னாங்க. கனகசபேசன் நெஞ்ச நிமித்திச் சொன்னாரு: "நான் பிரதானியானா ராஜாவுக்கு வலது கையா இருப்பேன்!"

போச்சு. பதில் வரல. கொஞ்ச நேரத்துல சந்தையே கெளம்பி வந்துருச்சு! முன்னால மாலையோட பூக்காரம்மா. "புது ராஜா எங்கப்பா?" அவ பின்னாடி வெத்தலைக்காரர் மகரகேதுவப் பாத்ததும் ஓன்னு அழுதாரு. "மகாராஜா! உசுரோடயா இருக்கீங்க!"

ராஜா சிம்மாசனத்துல இருந்து துள்ளி எழுந்தாரு. "டேய் ஏழு பேரும் வாங்கடா! அவனவன் சொன்னத அப்படியே சொல்லுங்கடா!"

மொதல் ஆளு முன்னால வந்தான். "ராஜாவுக்கு ரெண்டு கையும் இவருதான்னு சொன்னேன்."

"இவரு இல்லாம ராஜாவால சோறு திங்க முடியாதுன்னேன்."

"இவரு தாலாட்டுனாத்தான் ராஜா தூங்குவாருன்னேன்."

"ராஜாவுக்கு மூளையே இவருதான்னேன்."

"ராஜா சும்மா உக்காந்திருக்காருன்னேன்."

"அப்ப ராஜா எதுக்குன்னு கேட்டேன்."

ஏழாவது ஆளு தலையச் சொறிஞ்சான். "இனிமே கனகசபேசன்தான் ராஜான்னு... முடிச்சுட்டேன்."

பொன்னுருவி ரொம்பப் பணிவா முன்னால வந்தா. "விதிப்படி கேக்குறேன் ஐயா. நீங்க சொன்னது இதானா?"

ஆமான்னா தலை போகும். "இல்ல இல்ல! இவனுங்க எல்லாம் புளுகனுங்க!"

"அப்ப இத்தன நாளா உங்களுக்குக் கை தட்டுனதும் புளுகுதானே?"

சபை வெடிச்சுச் சிரிச்சுது.

சாயங்காலம் நாச்சப்பன் பானை நெறஞ்சு புளியங்கொட்டை தரையெல்லாம் உருண்டுச்சு. கனகசபேசன் பானையில இருந்தத எண்ணுனா, ஏழு கூட இல்ல. ஆறு!

யானைச் சாணி யாருக்குன்னு சொல்லணுமா? கனகசபேசன் அள்ள, அந்த ஏழு பேரும் கூடை தூக்குனாங்க.

ராஜா தமுக்குக்குப் புதுத் தோலும் வெள்ளிப் பூணும் போட்டு, தன் கையாலயே பொன்னுருவிக்கு மாட்டி விட்டாரு. அப்புறம் தொண்டையச் செருமுனாரு. "மகா ஜனங்களே! என் பாட்டனார் காலத்துல இருந்து இந்தக் கொன்றைநாடு..."

பொன்னுருவி ஒத்த வெரலத் தூக்குனா. "மகாராஜா. ஒரு மூச்சு."

சபையே நடுங்கிப் போச்சு. ராஜா அவளப் பாத்தாரு. வெரலப் பாத்தாரு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு பாருங்க!

அவ ஓடிப் போய் சந்தையில தமுக்க அடிச்சா. "இதனால சகலமான ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, ராஜா சிரிச்சாரு!"

அன்னிக்கு யாருக்கும் அதுக்கு மேல வெளக்கம் தேவைப்படல.