தலையால் முட்டிய தளபதி

ஆலமரத்தடியில் ஒரு கரையான் புற்று. நடு அறையில் ராணிக் கரையான் படுத்திருந்தாள். புற்றுக்கே மூளை அவள்தான். அவள் சொன்னால்தான் அங்கே ஒரு கால் அசையும். அவளுக்குச் சாப்பாடு போக ஒரே ஒரு குழாய்ப் பாதை. அதற்குக் காவல், தளபதி மண்டையப்பன்.

மண்டையப்பனுக்கு உடம்பு கடுகளவு, தலை மிளகளவு, கோபமோ பூசணிக்காய் அளவு!

ஆபத்து என்றால் தலையைச் சுவரில் முட்டுவது அந்தக் காவல்காரர்கள் வழக்கம். சத்தம் கேட்டவன் ஓடி வரவேண்டும். வந்து தானும் முட்டவேண்டும்.

ஒருநாள் பாதைச் சுவரிலிருந்து ஒரு துளி மணல் பெயர்ந்து விழுந்தது. அவ்வளவுதான்!

"ஐயையோ, எதிரி!" டொக், டொக், டொக்!

காவல்காரர்கள் அடித்துப்பிடித்து ஓடி வந்தார்கள். முட்டினார்கள். அதைக் கேட்டு இன்னொரு கும்பல் வந்தது. வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? எதிரியை ஒட்டிப் பிடிக்க, வாயில் ஊறும் பசையைச் சுவரெல்லாம் துப்பி வைத்தார்கள்.

"எதிரி எங்கே தளபதி?"

"தேடுங்கடா! இங்கதான் எங்கேயோ இருக்கான்!"

ராணிக்குச் சாப்பாட்டு உருண்டையோடு வந்த வேலைக்காரக் கரையான் பூவாத்தாள் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். "வழி விடுங்கய்யா! ராணியம்மா பசியில கிடக்குறாங்க!"

"அட போம்மா, இங்க போர் நடக்குது!"

அந்நேரம் ராணியின் குரல் குழறிக்கொண்டு வந்தது. "முட்டையை... மழையில... காயப்போடுங்க... என் இடது பக்கத்துக் காலெல்லாம் எங்கே போச்சு?"

ஐயோ, ராணியம்மா செத்துப் போயிடுவாங்களா? மண்டையப்பன் திரும்பிப் பார்த்தான். பாதை முழுக்க மண்டை! அடைத்துக்கொண்டு நிற்பது அவனுடைய ஆட்களேதான்!

"திரும்பிப் போங்கடா!" என்று கத்தினான். பழக்கதோஷம், கூடவே தலையையும் முட்டிவிட்டான். டொக்! இன்னொரு கும்பல் வந்து சேர்ந்தது.

"போங்கன்னுதானே சொன்னேன்!" டொக்! அதற்கும் ஒரு கும்பல்!

கடைசியில் தன் தலையைத் தானே முன்னங்கால் இரண்டாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முட்டாததால் பக்கத்தில் இருந்தவனும் நிறுத்தினான். சத்தம் அடங்கியது. "சே, சண்டையே இல்லையா?" என்று முணுமுணுத்துக்கொண்டு எல்லாரும் பின்பக்கமாகவே நகர்ந்து போனார்கள். பூவாத்தாள் உருண்டையோடு உள்ளே ஓடினாள்.

ராணி பிழைத்தாள். பேச்சும் தெளிந்தது. இடது கால்கள் மட்டும் அதன்பிறகு அசையவே இல்லை.

"எதிரியைப் பிடிச்சியாப்பா?" என்று கேட்டாள்.

"பிடிச்சேம்மா," என்று விம்மினான் மண்டையப்பன். "நான்தான்!"

நம் மூளைக்கு ரத்தம் போகும் குழாயின் சுவரில் வருகிற அழற்சி வீக்கமும் இப்படித்தான்: காப்பாற்றத்தான் வருகிறது, ஆனால் குழாயையே அடைத்துப் பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடும். அடங்கத் தெரியாத காவல், காயத்தைவிடப் பெரிய கேடு.