பாதியில் நின்ற கோப்பு

அருணகிரி மேசையில் ஓங்கி அறைந்தார். தண்ணீர் டம்ளர் உருண்டு தரையில் விழுந்தது.

திரையில் கோப்புகளைக் காட்டும் ஜன்னல் திறந்து, கண் இமைப்பதற்குள் தானாக மூடிக்கொண்டது. கீழேயிருந்த பட்டையும் மறைந்து திரும்பி வந்தது. காலையிலிருந்து இதே கதைதான். அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. வைரஸ் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தாயிற்று.

அருணகிரி வங்கியில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து அதை நடத்தும் உமையாளிடம் சீடரானார். உமையாள் அவர் மகள் வயதுக்காரி. ஆனாலும் அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மதியம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரி இருந்தது. வெடி வைக்கும்போதெல்லாம் கல் பறந்து வந்து ஊருக்குள் விழும். மாசி மாதம் செல்லத்துரை என்ற இளைஞன் அப்படித்தான் செத்தான். கூரை வேய ஏறியவன் தவறி விழுந்து செத்தான் என்று குவாரிக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் போனில் எடுத்து வைத்திருந்த படங்களையும் வீடியோக்களையும் செங்கமலம் வீடு வீடாகப் போய் வாங்கி வந்திருந்தாள். அவளும் மடத்துச் சீடர்தான். அத்தனையும் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. அதைத் திறக்கும்போதெல்லாம் ஜன்னல் மூடி விழுந்தது.

"யார் இதைக் காப்பி பண்ணது?" என்று கத்தினார் அருணகிரி.

"நான்தான் ஐயா" என்றாள் வாசலில் நின்ற செங்கமலம்.

"காப்பி முடியறதுக்கு முன்னாடியே பென்டிரைவைப் பிடுங்கியிருப்பே. ஒண்ணும் தெரியாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான். மொத்தத்தையும் நாசம் பண்ணிட்டே!"

"நான் பிடுங்கலை."

"பிடுங்காம எப்படி இப்படி ஆகும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது. "வெயில்ல ஒவ்வொரு வீட்டு வாசலா நின்னு வாங்கிட்டு வந்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்துக் கத்தறீங்களே, ஒரு தடவையாவது திரையை நிதானமா பார்த்தீங்களா?"

சத்தம் கேட்டு உமையாள் உள்ளே வந்தார். உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அம்மா, இதை ஃபார்மேட் பண்ணிடறேன். சுத்தமா துடைச்சுட்டு முதல்லேர்ந்து போடணும். வேற வழியில்லை" என்றார் அருணகிரி.

"எதைத் திறந்தாலும் விழுதா?"

"எதைத் திறந்தாலும்தான்."

"திறந்து பார்த்தீங்களா?"

அருணகிரி மவுஸைப் பிடித்து வேறொரு ஃபோல்டரைத் திறந்தார். திறந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் திறந்தது. விசாரணை ஃபோல்டரைத் திறந்தார். ஜன்னல் விழுந்தது.

"மறுபடி திறங்க" என்றாள் செங்கமலம், கிட்டே வந்து. "பாருங்க. சின்னச் சின்னப் படமா ஒவ்வொண்ணா வருது. வரிசை வரிசையா நிறையுது. கடைசி வரிசைக்குப் போனதும் செத்துப்போகுது."

அருணகிரியின் கை நின்றது. இத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தக் கோபம் இப்போது தன்மேலேயே திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அமைப்புகளுக்குள் போனார். படம் காட்டாதே, பெயரை மட்டும் காட்டு என்று மாற்றினார்.

ஃபோல்டர் திறந்தது. பெயர்கள் வரிசையாக நின்றன. ஜன்னல் விழவில்லை.

"ஏதோ ஒரு கோப்பு உடைஞ்சிருக்கு" என்றார். "அதோட முகத்தைக் காட்டப் பார்க்கும்போதெல்லாம் ஜன்னல் விழுது."

கடைசியில் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றிச் சோதித்தார். ஒன்றில் கணினி மறுபடி தடுமாறியது.

"கிடைச்சுட்டான். இந்தச் சனியன்தான் காலையிலேர்ந்து உயிரை வாங்கினது. இதை அழிச்சுட்டா தீர்ந்தது."

விரல் பொத்தானுக்குப் போனது. உமையாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மெல்லப் பிடிக்கவில்லை. வலித்தது.

"யாரோடது?" என்றார் உமையாள்.

"யாரோடதா இருந்தா என்னம்மா? உடைஞ்ச கோப்பு. திறக்காது. யாருக்கும் பிரயோஜனமில்லை."

"யாரோடதுன்னு கேட்டேன்." அம்மாவின் குரல் இப்படிக் கடுத்து அருணகிரி கேட்டதில்லை.

செங்கமலம் குனிந்து கோப்பின் பெயரைப் படித்தாள். பெயரிலேயே தேதி இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது செல்லத்துரை போன் மெமரி கார்டுல இருந்தது, அம்மா. அவன் அம்மா பேச்சியக்கா கொடுத்தது. போன் நொறுங்கிப்போச்சு, கார்டு மட்டும்தான் மிச்சம், இதுல என்ன இருக்கோ தெரியாதுன்னு சொல்லிச்சு. நானும் பார்க்காம அப்படியே போட்டுட்டேன்." மூச்சு வாங்கினாள். "இது அவன் செத்த அன்னிக்கு எடுத்தது."



அருணகிரி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடியோ எடுத்து முடிச்சு நிறுத்தினாத்தான் போன் அந்தக் கோப்பை முடிச்சு வைக்கும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இதை நிறுத்த ஆள் இல்லை. அதான் திறக்க மாட்டேங்குது."

"திறக்க வழி உண்டா?"

"அதே போன்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணு இருந்தா, அதை மாதிரியா வச்சு இதைச் சரிபண்ணிப் பார்க்கலாம். நிச்சயம் சொல்ல முடியாது."

"பாருங்க."

கார்டில் வேறொரு வீடியோ இருந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றுக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. எடுத்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். செங்கமலம் திரும்பி நின்றுகொண்டாள். அருணகிரி மூலத்தைத் தொடாமல் ஒரு நகலை எடுத்து, ஆட்டுக்குட்டியை மாதிரியாக வைத்து வேலையைத் தொடங்கினார்.

விசாரணைக்குப் போக வண்டி வந்து வாசலில் நின்றபோது வீடியோ ஓடியது. சில நொடிகள்தான்.

மண் தரை. வேப்பமரம். தூரத்தில் மலை. 'அன்னா பாரு, மறுபடி வெடி வைக்கானுங்க' என்று ஓர் இளங்குரல். புகை எழுந்தது. பிறகு சத்தம். படம் ஆடியது. மரக்கிளை முறிந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது.

அவன் தரையில்தான் நின்றிருக்கிறான். குவாரிக்காரர்கள் சொன்ன கூரை எங்கேயோ தள்ளி இருந்தது.

பேச்சியம்மாள் கூடத்தில் வண்டிக்காகக் காத்திருந்தாள். உமையாள் போய் அவளருகில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க பையன் எடுத்தது கிடைச்சிருக்கு. பார்க்கணுமா?"

பேச்சியம்மாள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"நான் எதுக்குத் தாயி பார்க்கணும்? நான் அங்கதான நின்னேன். பார்க்காதவனுக்குக் காட்டுங்க."

அருணகிரி செங்கமலத்திடம் வந்தார். "உன்னை ஏசிட்டேன், தாயி. தப்பு என்மேலதான்."

"ஏறுங்க ஐயா, நேரமாச்சு" என்றாள் அவள். அவள் கோபம் இன்னும் முழுக்கத் தணியவில்லை.

வண்டியில் அருணகிரி உமையாளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தா கத்திடுவேன். செங்கமலமே பேசட்டும்."

உமையாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், மறுபக்கம் குவாரிக்காரரும் அவருடைய வக்கீலும். செங்கமலம் படங்களைக் காட்டினாள். விரிசல் விட்ட சுவர்கள், ஓடு உடைந்த பள்ளிக்கூடம், கட்டிலில் கிடந்த கல். கோட்டாட்சியர் தலையசைத்துக்கொண்டே பார்த்தார். கடைசியில் அந்த வீடியோவைப் போட்டாள்.

ஓடியது. நின்றது.

வக்கீல் எழுந்தார். "ஐயா, இதுல ஒண்ணும் தெரியலை. யாரும் அடிபட்ட மாதிரியும் இல்லை. விஷயம் வர்ற இடத்துல வெட்டிட்டாங்க. தங்களுக்கு வேண்டியதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை மறைக்கறாங்க."

குவாரிக்காரர் லேசாகச் சிரித்தார்.

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். கோட்டாட்சியர் வீடியோவை இன்னொரு முறை ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. அவர் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"இது ஏன் பாதியில நிக்குது? வெட்டினீங்களா?"

செங்கமலம் திரும்பி அருணகிரியைப் பார்த்தாள்.

அருணகிரியின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். எழவில்லை. கண்ணை மூடி மூச்சை எண்ணத் தொடங்கினார். மடத்தில் கற்றுக்கொண்டது அது. பிறகு கண்ணைத் திறந்து, என்ன செய்யட்டும் என்பதுபோல உமையாளைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றார் உமையாள். "அவர் உங்களைத்தான் கேட்கறார். எந்திரிங்க. ஏன் பாதியில நின்னதுன்னு சொல்லுங்க."